குளிர்ந்த படிகமும் ஒரு வேண்டுதலும்

விசா வரவில்லை. அதற்காக நான் உட்கார்ந்து அழவில்லை, திட்டினேன். தூதரகத்தைத் திட்டினேன், கூரியர்காரரைத் திட்டினேன். கைரேகை பதியப் போன இடத்தில் என் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து "கோடே இல்லையே மேடம், தேய்ஞ்சு போயிருக்கே" என்று சலித்துக்கொண்டவரையும் விடவில்லை. பூண்டு உரித்து வளர்ந்த கை அப்படித்தான் இருக்கும்.

நியூட்ரான் ஆய்வு செய்கிறவர்களுக்கு பீம் டைம், அதாவது அணு உலையின் நியூட்ரான் கற்றை நமக்கென்று ஒதுக்கப்படும் நேரம், வயலுக்கு வரும் முறைத் தண்ணீர் மாதிரி. விண்ணப்பித்து, மாதக்கணக்கில் காத்திருந்து, நம் முறை வருகிற சில நாட்களுக்குள் அளந்துகொள்ள வேண்டும். விட்டால் போனதுதான். நான் போக வேண்டியிருந்த ஐரோப்பிய அணு உலைக்காரர்கள் நல்லவர்கள். நீங்கள் வர வேண்டாம், படிகத்தை அனுப்பிவையுங்கள், நாங்கள் கருவியில் பொருத்தித் தருகிறோம், உங்கள் இடத்திலிருந்தே இணையத்தில் ஓட்டிக்கொள்ளலாம் என்றார்கள். பெருந்தொற்றுக்குப் பிறகு வந்த வழக்கம் இது. ஆகவே படிகம் ஐரோப்பாவுக்குப் பறந்தது. ஆய்வு வேலையின் ஒப்பந்தம் முடிந்து விடுதி அறையையும் காலி செய்திருந்த நான், கொடைக்கானலுக்கு மேலே மேல்மலையில் இருக்கிற எங்கள் ஊருக்கு பஸ் ஏறினேன்.

என்ன அளக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பெரிய மர்மம் ஒன்றுமில்லை. படிகத்துக்குள் அணுக்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. ஆனால் சும்மா நிற்பதில்லை, எல்லாம் சேர்ந்து அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த அதிர்வுக்குத்தான் ஃபோனான் என்று பெயர். நியூட்ரான்களைப் படிகத்துக்குள் செலுத்தினால் சில, அந்த அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு வேகம் குறைந்து வெளியே வரும். நியூட்ரானுக்கு உள்ளே போனபோது இருந்த ஆற்றலுக்கும் வெளியே வந்தபோது இருக்கிற ஆற்றலுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஃபோனானின் ஆற்றல். படிகத்தைக் குளிர வைத்தால் பெரும்பாலும் அது இறுகும். ஃபோனானின் ஆற்றல் ஒரு துளி கூடும். நாங்கள் வளர்த்த படிகத்தில், ஒரு குறிப்பிட்ட குளிருக்குக் கீழே, அது குறைந்தது. கூட வேண்டியது குறைகிறது என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். எங்கள் துறையில் அதற்குக் காது கொடுப்பார்கள்.

குறைவு என்றால் ரொம்பச் சின்னக் குறைவு. கருவியின் கூர்மைக்குள் அடங்கியும் அடங்காமலும் நிற்கிற அளவு. ஆனால் என் பிழைப்பு முழுக்க அதன்மேல்தான் நின்றது. ஓர் ஆய்வு நிறுவனத்தில் நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன், நேர்காணலுக்கும் அழைத்திருந்தார்கள். வயது வரம்பின்படி அதுதான் கடைசித் தடவை. விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அந்தக் குறைவைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். கட்டுரையை அனுப்பிய இதழின் மதிப்பீட்டாளர் மட்டும் கொக்கி போட்டார்: இவ்வளவு சிறிய மாற்றம் என்பதால் ஒருமுறை திரும்ப அளந்து காட்டவும். அதற்குத்தான் இந்த பீம் டைம்.

ஊரில் செல்போன் டவர் இருக்கிறது. மேகம் இறங்கினால் இல்லை. எங்கள் ஊரில் மேகம் இறங்காத நேரம் குறைவு. அதனால் கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் ஒரு விடுதியில் அறை எடுப்பது என்று முடிவு செய்தேன். வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் தங்கி லேப்டாப்பில் வேலை பார்க்கிற இடம், இணையம் நன்றாக இருக்கும். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"அங்க போதைக்காளான் தேடி வர்றவனுகதான் கெடப்பானுக. ஒத்தப் பொம்பளப்புள்ளைக்கு அங்க என்ன சோலி?"

"வேலைக்காகத்தாம்மா. காளான் திங்கிறதுக்கு எனக்கு நேரமில்ல."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. அண்ணனக் கூட்டிட்டுப் போ."

அப்பா இறந்ததிலிருந்து நிலத்தைப் பார்க்கிறவன் அண்ணன். பூண்டு இன்னும் எடுப்புக்கு வரவில்லை, அவனுக்கும் வீட்டை விட்டு வெளியே வர ஒரு சாக்கு வேண்டியிருந்தது. பிக்கப் வண்டியில் என்னையும் லேப்டாப்பையும் ஒரு மூட்டை கேரட்டையும் ஏற்றிக்கொண்டான். கேரட் எதற்கு என்று கேட்டேன். விடுதிக்காரருக்குக் கொடுத்தால் நல்ல அறையாகப் பார்த்துக் கொடுப்பார் என்றான். கொடுத்தார்.

"வைஃபை ஃபுல் ஸ்பீடு மேடம்," என்றார் விடுதிக்காரர். "கரண்டு போனாலும் இன்வெர்ட்டர் இருக்கு. ஃபாரினர்ஸ் எல்லாம் இங்க உக்காந்துதான் ஆபீஸ் நடத்துறாங்க."

ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். நான் சொன்னது நிஜம் என்று வந்துவிட்டால் மலையேறி முடியிறக்குவதாக வேண்டுதல். வேலை கிடைத்தால் என்று வேண்டிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "வேல குடுக்கிறது நாலு மனுசங்க கையில இருக்கு. அவுகளுக்கு என்னென்ன சோலியோ. இது ஒனக்கும் முருகனுக்கும் நடுவுல உள்ளது, இது நடக்கும்," என்றாள். முருகனுக்கு நியூட்ரானில் என்ன அக்கறை என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

அணு உலையில் கருவிக்குப் பொறுப்பாக இருந்தவள் என் வயதுப் பெண். அதிகம் பேசமாட்டாள், ஆனால் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் திரையில் வந்து நிற்பாள். படிகத்தை அலுமினியத் தாங்கியில் பொருத்தி, குளிர்விக்கும் பெட்டிக்குள் இறக்கி, எனக்குக் காட்டினாள். நகத்தளவு கறுப்புக் கல். என் கையால் எங்கள் ஆய்வகத்துச் சூட்டு உலையில் வளர்த்தது. அதைத் திரையில் பார்த்ததும் பெற்ற பிள்ளையை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு வீடியோவில் பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

கட்டுரைக்காக முதல் தடவை அதே கருவியில் அளந்தபோது ஓட்டிய கட்டளைக் கோப்பை அப்படியே அனுப்பியிருந்தேன். கருவி எந்த இடத்தில் நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் எண்ண வேண்டும், எப்போது குளிர வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதே மாதிரி அளந்தால்தானே ஒப்பிட முடியும்? எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். பழைய கோப்பு கையில் இருக்கும்போது புதிதாக எழுத எவருக்கும் மனம் வராது.

எண்ணிக்கை மெதுவாக ஏறும். திரையில் ஒரு புள்ளி விழும், பல நிமிடம் கழித்து இன்னொரு புள்ளி விழும். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு பார்த்தான்.

"இது என்ன பாப்பா, மழை தூறுற மாதிரி ஒண்ணு ஒண்ணா விழுகுது?"

"விழுறது எல்லாம் சேந்து ஒரு மேடா வரும். அந்த மேட்டோட உச்சி எங்க நிக்குதுன்னு பாக்கணும். சூட்டுல ஒரு எடத்துல நிக்கும். குளிருல கொஞ்சம் எடப்பக்கம், அதாவது கொறஞ்ச பக்கம், தள்ளி நிக்கணும்."

"எம்புட்டுத் தள்ளி?"

திரையில் விரலால் காட்டினேன். அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"இதுக்கா இத்தன படிப்பு?"

"ஆமா, இதுக்குத்தான். பேசாம தேத்தண்ணியக் குடி."

மறுநாள் மாலைக்குள் குளிர்ந்த படிகத்தின் மேடு முழுதாக எழும்பிவிட்டது. உச்சி இடப்பக்கம் தள்ளி, முதல் தடவை எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. நான் சார் என்று கூப்பிடுகிற என் ஆய்வு நெறியாளருக்குப் படத்தை அனுப்பினேன். உடனே ஃபோன் செய்தார். "நான்தான் சொன்னேனே. மதிப்பீட்டாளருக்கு இன்றே பதில் எழுதிவிடுங்கள்," என்றார். அண்ணனைத் தேடினால் ஆளைக் காணோம். சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று ஃபோனில் கத்திக்கொண்டிருந்தான்.

"நெசந்தாம்மா. பாப்பா சொன்னது அப்படியே வந்திருச்சு. ஆமா, கண்ணால பாத்தேன்."

அவன் கண்ணால் பார்த்தது உண்மை. சந்தோஷத்தில் நானும் அவனைத் தடுக்கவில்லை. அம்மா மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்துப் பழனிக்கு இறங்கிவிட்டாள். அடிவாரத்தில் பாலசமுத்திரத்தில் சித்தி வீடு இருக்கிறது. அங்கே குளித்துவிட்டு, சித்தியையும் கூட்டிக்கொண்டு மலையேறுவது ஏற்பாடு.

எனக்கு பீம் டைம் இன்னும் மீதமிருந்தது. முறைத் தண்ணீர் மீந்தால் வரப்போரத்துக் கீரைக்காவது திருப்பிவிடுவோமே தவிர சும்மா ஓடவிட மாட்டோம். நியூட்ரான்காரர்களும் அப்படித்தான்; வேலை முடிந்துவிட்டது என்று கருவியைச் சும்மா விட்டுவிட்டுப் போகிறவரை நான் பார்த்ததில்லை. அன்று மதியம் திரையில் வந்த அந்தப் பெண், மிச்ச நேரத்தில் என்ன செய்யலாம் என்று கேட்டாள். குளிர்ந்த நிலையில் அணுக்களின் இடைவெளியை அளந்து வைத்துக்கொள்ளலாமா, கட்டுரையில் ஓர் அட்டவணைக்கு உதவும் என்றாள். சரி என்றேன். அது சலிப்பான வேலை. நான் அதற்குள் மதிப்பீட்டாளருக்குப் பதில் எழுத ஆரம்பித்திருந்தேன், கொஞ்சம் காரமாகவே.

இடைவெளி வந்தது. குளிர்ந்ததில் சுருங்கியிருந்தது. குளிர்ந்தால் சுருங்கும், பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இந்தப் படிகம் நாங்கள் நினைத்திருந்ததைவிட அதிகமாகச் சுருங்கியிருந்தது. அந்தப் பெண் அந்த எண்ணைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். நான் கட்டளைக் கோப்பைத் திறந்து பார்த்தேன். அதில் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே இடைவெளி, சூட்டில் அளந்தது. குளிர வைத்த பிறகு புதிய இடைவெளியைக் கருவிக்குச் சொல்லவே இல்லை. முதல் தடவையும் சொல்லவில்லை. அப்போது அணு உலையை நிறுத்தப்போகிறார்கள் என்ற அவசரத்தில் நாங்கள் யாருமே அதை நினைக்கவில்லை. இந்தத் தடவை, ஒரு வரியும் மாற்ற வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேன்.

இதில் என்ன வந்துவிட்டது என்று அண்ணன் கேட்டபோது அவனுக்குச் சொன்ன மாதிரியே இங்கேயும் சொல்கிறேன். ஃபோனானின் ஆற்றல் ஒரு சரிவு போல ஏறிப்போகும். சரிவில் எந்த இடத்தில் நின்று அளக்கிறோம் என்பதை அணுக்களின் இடைவெளியை வைத்துத்தான் கருவி கணக்குப் போடும். இடைவெளியைத் தப்பாகச் சொன்னால் கருவி ஒரு படி கீழே போய் நிற்கும். நம்முடைய படிக்கட்டு வயலில் ஒரு பாத்தி கீழே இறங்கி நின்றுகொண்டு, மலை தாழ்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி.

"அப்ப மலை தாழலையா?"

"இப்ப அளந்து பாத்தாத்தான் தெரியும்."

சரியான இடைவெளியைக் கொடுத்து மறுபடி ஓட்டச் சொன்னேன். புள்ளிகள் விழ ஆரம்பித்தன. அந்த நேரம் பார்த்து அண்ணனின் ஃபோனில் சித்தி மகன் ஒரு படம் அனுப்பினான். அம்மா மலைமேல் நிற்கிறாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, பல் தெரியச் சிரிக்கிறாள். அம்மா படத்துக்குச் சிரிக்கிறவள் இல்லை. அண்ணன் ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். எடுத்துக்கொண்டு போ அங்கிட்டு என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்வான்.

உச்சியைச் சுற்றி மட்டும் அளந்ததால் இருட்டும் முன்பே தெரிந்துவிட்டது. மேட்டின் உச்சி, சூட்டில் எங்கே நின்றதோ அதற்கு ஒரு மயிரிழை வலப்பக்கம் நின்றது. எல்லாப் படிகங்களிலும் நிற்கிற மாதிரி. இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன். அதே இடம்தான். "வருந்துகிறேன்," என்றாள் அந்தப் பெண். அவள் நிஜமாகவே வருந்தினாள், முகத்தில் தெரிந்தது. நான் நன்றி சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினேன். கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் வாசலில் நின்று, உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் விடுதிக்காரரிடம் கேரட் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

சாருக்குச் சொன்னேன். எத்தனை தடவை பார்த்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"இதையெல்லாம் நிதானமாகத்தான் ஆராய வேண்டும். ஒரு நாளில் முடிவு செய்கிற விஷயம் இல்லை," என்றார். பிறகு, "நேர்காணல் முடியட்டுமே," என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று என்னைவிட அதிகம் ஆசைப்பட்டவர். அதனால்தான் அந்த வார்த்தை அவ்வளவு நேரம் மண்டைக்குள்ளேயே கிடந்தது.

மறுநாள் அம்மா பழனியிலிருந்து நேரே வட்டக்கானலுக்கு வந்துவிட்டாள், கையில் பஞ்சாமிர்த டப்பாவோடு. ஜீப்பிலிருந்து இறங்கி, தலையில் ஒன்றும் போர்த்தாமல், குளிரில் சந்தனம் காய்ந்த தலையோடு, அங்கே நின்ற வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் பார்க்க நிமிர்ந்து நடந்து வந்தாள். அண்ணன் என்னைப் பார்த்தான். நீயே சொல் என்று அர்த்தம். நடிக்க எனக்கு வராது. அம்மா டப்பாவைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"நான் சொன்னது நெசமில்லம்மா. தப்பா அளந்துட்டோம். இப்பத்தான் தெரிஞ்சுச்சு."

அம்மா அண்ணனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா முந்தானையை எடுத்துத் தலையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"நெசமாத்தான் சொல்றியா?"

"ஆமாம்மா."

"யாருக்குத் தெரியும் இது?"

"எனக்கு, அண்ணனுக்கு, சாருக்கு. அங்க இருக்கிற அந்தப் பொண்ணுக்கு."

"அவ சொல்லிருவாளா?"

"அவ சொல்லமாட்டா. ஆனா நாளைக்கு வேற யாராச்சும் அளந்தா வெளிய வந்திரும்."

"அவுக அளக்கிறதுக்குள்ள ஒனக்கு வேல கெடச்சிரும்ல?"

சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. சார் சுற்றி வளைத்துச் சொன்னதை அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டாள். அதுவும் என்னை நேரே பார்த்து, முடியை இழந்த தலையோடு. இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை இப்போது எழுதும்போதும் சரியாகச் சொல்ல வரவில்லை.

நான் பெரிய யோக்கியம் என்று சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. நேர்காணலில் நாலு பேர் முன்னால் நின்று, இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்லி, அவர்கள் கேள்வி கேட்கக் கேட்க அதற்கு மேலும் மேலும் முட்டுக்கொடுக்க வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. முதல் கேள்வியிலேயே கோபம் வந்துவிடும்.

அன்று பிற்பகலே இதழுக்கும், சாருக்கும், நேர்காணல் குழுவுக்கும் மின்னஞ்சல் எழுதினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். "நாங்கள் தெரிவித்த மாற்றம் இல்லை. குளிர்ந்த படிகத்தின் இடைவெளியைத் திரும்ப அளக்காமல் விட்டது என் தவறு."

"ஓந்தப்பா?" என்றாள் அம்மா. "அந்த சார் எங்க போனாரு? அப்ப அவரும் கூடத்தான இருந்தாரு?"

"இருந்தாரு."

"பெறகு என்னத்துக்கு எல்லாத்தையும் ஓந்தலையில தூக்கி வச்சுக்கிற? எல்லாரும் சேந்து செஞ்ச தப்புன்னு போடு."

அவள் சொன்னதுதான் சரி. எங்கள் தவறு என்று மாற்றினேன்.

"இனி அவுக வேற ஆள எடுத்துக்குவாகளா?"

"எடுத்துக்கலாம்மா."

"எடுத்துக்குவாக," என்றாள். தலையில் முந்தானையை இன்னொரு சுற்று இறுக்கிக்கொண்டாள். "சரி, அனுப்பு. வெரசா அனுப்பு. யோசிச்சுக்கிட்டே இருந்தா மனசு மாறிரும்."

யார் மனசு என்று நான் கேட்கவில்லை. அனுப்பினேன்.

நேர்காணலுக்குப் போனேன். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஒருவர் என் மின்னஞ்சலைப் பாராட்டினார். சாதாரணமாக யாரும் இப்படி எழுதமாட்டார்கள் என்றார். பிறகு, இப்போது கையில் என்ன முடிவு இருக்கிறது என்று கேட்டார். அந்த மாற்றம் இல்லை என்பதுதான் முடிவு என்றேன். தலையை ஆட்டினார்கள். வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். நிலத்தில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. கையில் மண் இருந்ததால் அண்ணன்தான் ஃபோனை வாங்கிப் படித்துச் சொன்னான். பிடுங்கிய பூண்டைத் தூக்கி எறிந்தேன். அவன் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

இப்போது ஒரு கல்லூரியில் தற்காலிகமாக வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் பரவாயில்லை. இடைவெளியைத் திரும்ப அளக்காமல் எவனும் என் ஆய்வகத்தை விட்டு வெளியே போக முடியாது.

வேலை கிடைக்கவில்லை என்ற செய்தி வந்த அதே வாரம், சித்தி வீட்டுக்கு ஒரு மூட்டை பூண்டு கொண்டுபோக நானும் அம்மாவும் கொடைக்கானல் பஸ் நிலையத்தில் நின்றோம். மூட்டையை உள்ளே ஏற்றக் கூடாது என்று நடத்துனர் சொல்ல, நான் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற, பழக்கமில்லாத ஓர் அம்மா எங்கள் அம்மாவின் தலையைப் பார்த்துக் கேட்டார்.

"பழனிக்கு முடியெறக்குனீங்களாக்கும்? வேண்டுதல் பலிச்சிருச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அந்த அம்மாவை நாங்கள் இனி பார்க்கப்போவதில்லை.

"இல்லீங்க," என்றாள் அம்மா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "பலிக்கல. பலிச்சிருச்சுன்னு நெனச்சு அவசரப்பட்டு எறக்கிட்டேன்."

நான் நடத்துனரிடம் சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.